ஊர் வெயிலும் கொழும்புப் புழுக்கமும்: தவணை தொடங்கிய முதல் கிழமை உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் போனது?

வெள்ளவத்தை, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

போன ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் உரும்பிராயில் அம்மம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகன் தரம் 8, மகள் தரம் 4. அங்கே அது சோழகம் அடிக்கிற காலம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையெல்லாம் மேற்குக் கரைக்கும் மலைநாட்டுக்கும்தான். யாழ்ப்பாணத்துக்கு வருவது காற்று மட்டும். காலை பத்து மணிக்கே முற்றத்து மண் காலைச் சுடும். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். இருந்தும் பிள்ளைகள் நாள் முழுக்க வளவுக்குள் ஓடித் திரிந்தார்கள், பனம்பழம் பொறுக்கினார்கள், பின்னேரம் அம்மம்மா சுட்ட பனங்காய்ப் பணியாரத்தைச் சுடச்சுடச் சாப்பிட்டார்கள். ஒரு தும்மல்கூட இல்லை. வியர்க்கும், ஆனால் காற்று ஓயாமல் அடிப்பதால் வியர்த்தது உடனே காய்ந்துவிடும்.

சனிக்கிழமை இரவு பஸ் ஏறி ஞாயிறு விடியக் காலை வெள்ளவத்தையில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கொழும்பின் வெப்பநிலை யாழ்ப்பாணத்தைவிட இரண்டு மூன்று பாகை குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தொடர்மாடிக் கதவைத் திறந்ததும் அடைத்து வைத்த புழுக்கம் முகத்தில் அடித்தது. ஈரக்காற்றில் வியர்வை காய்வதில்லை, உடம்பிலேயே நிற்கிறது. மகளுக்குத் திங்கட்கிழமை கழுத்தெல்லாம் வியர்க்குரு. வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, மேசு, சப்பாத்து. ஃபேன் ஒன்று மட்டும் சுற்றும் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். புதன்கிழமை இரவு காய்ச்சல் 102.

கொழும்பில் மழைக்காலத்துக் காய்ச்சல் என்றால் எந்தத் தாய்க்கும் முதலில் வருவது டெங்குப் பயம்தான். மே மாதம் மழை தொடங்கினால் ஜூன், ஜூலையில் டெங்கு ஏறும். விடுமுறையில் பூட்டிக் கிடந்த வகுப்பறைகளின் பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் தண்ணீர் தேங்கினால் நுளம்புக்கு அது போதும். பரசிற்றமோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தோம். குருதிச் சிறுதட்டு குறையவில்லை என்று தெரியும் வரை நான் சாப்பிடவில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்றார்கள்.

என் மனதில் நிற்கிற விஷயம் வேறு. தமிழ், சிங்களப் பாடசாலைகள் தொடங்கும் நாள் தீவு முழுக்க ஒன்று. வெள்ளைச் சீருடையும் ஒன்று. ஆனால் அந்த நாளில் உரும்பிராயில் செம்புழுதி பறக்கும், கொழும்பில் தூறும், ஹட்டனில் கொட்டும். விடுமுறையில் ஊர் மாறிப்போய் வருகிற பிள்ளையின் உடம்புக்கு இதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம். அங்கே நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த என் மச்சாளின் மகள், தொரொன்டோவில் படிக்கிறவள், "உங்களுக்குக் கோடை எப்ப மாமி முடியும்?" என்று கேட்டாள். அவளுக்குச் செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை பாடசாலை. அதோடு கோடை முடிந்துவிடும், பிறகு இலை நிறம் மாறும், குளிரும். எங்களுக்கு அப்படி ஒரு கோடு இல்லை என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கச் சரியாக ஒரு மணிநேரம் பிடித்தது. சூரியன் எங்கள் உச்சிக்கு ஏப்ரலில் ஒரு தடவை வந்து போய், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி வருகிறது என்று சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

உங்கள் பிள்ளைகள் முதல் கிழமையை எப்படிச் சமாளிக்கிறார்கள்? எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஆசிரியை:

அக்கா, நான் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பன்னிரண்டு வருடமாகக் கொழும்பில் படிப்பிக்கிறேன். நீங்கள் சீருடையைப் பற்றி எழுதியதும் எனக்கு எங்கள் லயத்து அடுப்படிதான் கண்ணில் வந்தது.

எங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் வெயிலைக் காண்பதே அரிது. வட்டவளைப் பக்கமெல்லாம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற இடம். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்புவது அந்த மாதங்களில்தான். எனக்கு இருந்தது ஒரே ஒரு சீருடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா அதைத் துவைத்து, அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் போடுவார். காலையில் அது காய்ந்திருக்கும், ஆனால் வெள்ளை போய் லேசான மஞ்சள் ஏறி, புகை வாசமும் சேர்ந்திருக்கும். கீழே டவுனிலிருந்து வருகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். காலுக்கு அட்டை கடிக்காமல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கி, இரண்டு கிலோமீற்றர் நடப்போம். பெரிய மழை நாட்களில் வகுப்பில் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். என் பெரியம்மா மகள் பண்டாரவளையில் கட்டிக்கொடுக்கப்பட்டு இருக்கிறாள். அதே ஜூலை மாதம் அங்கே போனால் வெயில், வரட்சிக் காற்று. மேற்குச் சரிவில் மழை முழுவதையும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காற்று காய்ந்துபோய்விடுகிறது. ஒரே மலைநாடுதான். எங்களுக்குச் சீருடை காயவில்லை, அவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். சில வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கியபோது, மஸ்கெலியாவிலிருந்து ஒரு பையன் தரம் 6க்கு வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு இங்கே ஒரு கடையில் வேலை கிடைத்துக் குடும்பமாக வந்திருந்தார்கள். அது ஏப்ரல் கடைசி, கொழும்பில் காற்று அசையாத காலம். பையன் பதினோரு மணியானால் மேசையில் தலையை வைத்துவிடுவான். கேள்வி கேட்டால் பதில் வராது. ஓய்வறையில் அவனைச் சோம்பேறி என்று ஒருவர் சொன்னார், படிப்பு ஏறாது என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நாள் இடைவேளையில் கூப்பிட்டு, "தம்பி, என்னப்பா செய்யுது?" என்று கேட்டேன். "டீச்சர், தலைக்குள்ள கொதிக்குது" என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகு முழுக்கக் கொப்புளம் மாதிரி வியர்க்குரு. ஊரில் குளிருக்குப் போட்ட தடித்த உள்சட்டையை இங்கேயும் போட்டிருந்தான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரும் பழக்கமும் இல்லை. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்த் தாகம் எடுப்பதே குறைவு.

உள்சட்டையைக் கழற்றச் சொன்னேன், இடத்தை ஜன்னல் ஓரமாக மாற்றினேன், ஒவ்வொரு பாடம் முடியும்போதும் இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கவைத்தேன். வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு கிழமை பிடிக்கும். அவனுக்கு மூன்று கிழமை ஆனது. அந்தத் தவணைக் கடைசியில் கணிதத்தில் 81 எடுத்தான். சோம்பேறி என்று எழுதிவைத்திருந்தால் அந்தப் பிள்ளை என்னவாகியிருப்பான் என்று இப்போதும் நினைப்பேன்.

தெஹிவளை, மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர்:

மகள், நீங்கள் இருவரும் எழுதியதை வாசித்தேன். கிழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோழகம் என்று நீங்கள் சொல்வது எங்களுக்குக் கச்சான் காற்று. ஜூன், ஜூலையில் அது அடித்தால் உதடு வெடிக்கும், கண் எரியும். அதனால் நான் அதிபராக இருந்த காலத்தில் அந்த மாதங்களில் காலைக் கூட்டத்தை மரநிழலில்தான் வைப்பேன், பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. எங்கள் கஷ்டம் மார்கழி, தையில் வேறு மாதிரி. கொழும்பில் வானம் வெளுத்து இதமாக இருக்கும்போது எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை. வெள்ளத்தில் இடம்பெயர்ந்த சனம் வகுப்பறைகளில் இருக்கும். அவர்கள் வீடு திரும்பி, சேறு கழுவி, கதிரை மேசை காயவைத்துத்தான் பிள்ளைகளை உள்ளே விட முடியும். அட்டவணையில் முதலாம் நாள் என்று போட்டிருப்பது எங்களுக்குப் பல வருடங்களில் துடைப்பத்தோடு நின்ற நாள்தான்.

வத்தளை, பாடசாலை வான் ஓட்டுநர்:

நான் அதிகம் எழுதப் பழக்கமில்லை. சித்திரை விடுமுறைக்குப் பிறகு பாடசாலை தொடங்கும் முதல் இரண்டு கிழமை எனக்குப் பயமான கிழமைகள். மதியம் வரைக்கும் வெயில் கொளுத்தும். பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு வானம் கறுக்கத் தொடங்கும். கடைசிப் பிள்ளையை இறக்குவதற்குள் இடி விழும். போன வருடம் ஒரு பிள்ளையை ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டேன். வீடு ஐம்பது மீற்றர்தான். அந்த நேரம் பக்கத்துத் தென்னையில் மின்னல் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். அன்றிலிருந்து இடி கேட்டால் பிள்ளையை வானுக்குள்ளேயே வைத்திருந்து, அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டு, ஓய்ந்த பிறகுதான் இறக்குகிறேன். தாமதமானால் சில பெற்றோர் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

வெள்ளவத்தை, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

அண்ணா, நீங்கள் செய்வதுதான் சரி. தாமதமானால் நாங்கள் காத்திருப்போம்.

டீச்சர், அந்தப் பையனின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. 2024இல் வெயில் கடுமையாக இருந்தபோது, பிள்ளைகளை வெளி விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம் என்று கல்வி அமைச்சு அறிவுறுத்தியிருந்தது. அதற்கு முந்திய ஒரு வருடம், அந்த அறிவுறுத்தல் எதுவும் இல்லாத காலத்தில், மகனின் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடைப் பயிற்சி நடந்தது. மார்ச் மாதம், பகல் பதினொன்றரை மணி. மகன் மயங்கி விழுந்தான். நான் போனபோது மண்டப வாசலில் படுக்க வைத்திருந்தார்கள், நெற்றியில் ஈரத் துவாய். "காலையில் சாப்பிடவில்லையா?" என்றுதான் என்னிடம் கேட்டார்கள். அவன் மூன்று இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது. பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடித்திருக்கலாம். மைதானத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருக்கலாம்.

ஐயா, காலைக் கூட்டத்தைப் பத்து நிமிடத்தோடு முடித்தீர்கள் என்று வாசித்தபோது, இதற்குச் சுற்றறிக்கை ஒன்றும் வேண்டியதில்லை, ஓர் அதிபர் நினைத்தால் போதும் என்று பட்டது. இந்தத் தவணைக் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கப் போகிறேன். முதல் கிழமை கழுத்துப்பட்டி கட்டாயமில்லை என்று சொல்லட்டும். மழை நாளில் செருப்போடு வந்து, வகுப்பில் சப்பாத்து மாற்ற விடட்டும். திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை சிரமதானம் வைத்துப் பீலியைத் துப்புரவாக்கட்டும், நாங்கள் பெற்றோரும் வருகிறோம்.

என் பங்குக்கு நானும் ஒன்றை மாற்றிவிட்டேன். ஊரிலிருந்து தவணைக்கு முதல் நாள் வருவதில்லை, நான்கு நாள் முன்னதாகவே திரும்பிவிடுகிறோம். அம்மாவுக்கு அது மனவருத்தம்தான். "நாலு நாள் பிள்ளையளைக் குறைச்சுப்போட்டாய்" என்று போனில் சொல்கிறா.

கொட்டாஞ்சேனை, ஆசிரியை:

அக்கா, கூட்டத்தில் கேளுங்கள், எங்கள் பாடசாலையில் நானும் கேட்கிறேன். சப்பாத்து நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்குக் கீழே சாய்த்து வையுங்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை பேப்பரை மாற்றினால் விடியக் காய்ந்துவிடும். கொழும்பில் அடுப்புக் கம்பி இல்லாததால் நான் பழகிக்கொண்டது இது.