தெருவில் வளர்ந்த நாகசுரம், 90 நிமிட அரங்கில்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மேடைப்பொறுப்பு:
வணக்கம். 250 பேர் உட்காரும் ஏசி அரங்கு. பெரியமேளக் (நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழு) கச்சேரிக்கு 90 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். நாகசுரம் 2, தவில் 2. பாட்டுக் கச்சேரி வரிசையையே (தொடக்கத்தில் வர்ணம், நாலைந்து கீர்த்தனை, ஒரு ராகம், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி, கடைசியில் சின்ன உருப்படிகளான துக்கடா) கொடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு. கோயிலில் கேட்கும் விரிவு அதில் வருமா? சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை மேடையில் கேட்டு வாங்கலாமா? உள்ளே தவில் காதைப் பிளக்கும் என்கிறார்கள், அதற்கு என்ன வழி?

வடக்குவீதி:
அந்த வரிசையைக் கொடுக்காதீர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி அமைப்பு அது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து சாகித்யம் (பாட்டின் சொல்) கேட்க வருகிற சபாக் கூட்டத்துக்குப் பொருந்தும். பெரியமேளம் செய்ய வேண்டியிருந்த வேலையே வேறு. சுவாமி புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி, மண்டகப்படிதோறும் (சுவாமியை நிறுத்தி உபசரிக்கும் இடம்) நின்று, நிலைக்கு வர மணிக்கணக்காகும். சில ஊர்களில் விடிந்துவிடும். எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீர்த்தனைக்கு முடிவு உண்டு, ராக ஆலாபனைக்கு (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது) கிடையாது. ஊர்வலம் நின்றால் நீட்டலாம், நகர்ந்தால் சுருக்கலாம். ஆலாபனை அங்கே அப்படி வளர்ந்ததற்கு வித்துவத்தோடு இந்த வசதியும் காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டில் ஆலாபனை நடக்கும்போது மிருதங்கம் சும்மா இருக்கும். பெரியமேளத்தில் ஒரு பிடி (சின்ன ஸ்வரத் தொடர்) முடிந்ததும் தவில் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். நாகசுரக்காரர் அதற்குள் மூச்சு வாங்குவார், சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) நனைப்பார், அடுத்த பிடியை யோசிப்பார். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தவிலை "ராகத்தில் வேண்டாம்" என்று நிறுத்தும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாசிப்பவர் 10 நிமிடத்தில் களைத்துவிடுவார், ராகமும் துண்டுதுண்டாகிவிடும்.

என் கணக்கு: மல்லாரி 8 நிமிடம், சின்ன கீர்த்தனை 7, ஒரே ராகம் 30, அதே ராகத்தில் பல்லவி (ஒரே வரியைத் தாளத்தோடு விரிப்பது) 15, தனி 15, கடைசியில் துக்கடாவும் மங்களமும் 10. மீதி 5 நிமிடம் சுருதி சேர்க்கவும் சீவாளி மாற்றவும். ராகம் எது என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். நேரத்தை மட்டும் சொல்லுங்கள்: மாலை என்றால் அவர்களே கல்யாணி, பூர்விகல்யாணி பக்கம் வருவார்கள்.

ஒத்து:
வரிசை சரி. மல்லாரி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. கம்பீரநாட்டை ராகத்தில், சாகித்யமே இல்லாமல், சுவாமி புறப்பாட்டுக்கென்று இருப்பது அது. தேர் மல்லாரி, தளிகை மல்லாரி என்று வகை வகையாக இருப்பதால், வீட்டுக்குள் இருப்பவர்கூடக் காதால் கேட்டே கோயிலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சுவாமி இல்லாத இடத்தில் வாசிக்க மாட்டோம் என்று சொல்லும் வித்துவான்கள் இன்றும் உண்டு. பரதநாட்டிய மேடைக்கு எப்போதோ வந்துவிட்டதே என்று வாதாடாதீர்கள். முன்பே கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சம்மதித்தால், மேடையில் வேண்டாம். அரங்க வாசலில் தொடங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து வந்து மேடை ஏறட்டும். நடந்துகொண்டே வாசிப்பதற்கு அமைந்த உருப்படி அது. தவிலைத் தோளில் மாட்ட நாடா வேண்டும், அதைச் சொல்லிவிடுங்கள். நடைபாதை 4 அடியாவது இருக்கட்டும். தவில்காரரின் இரண்டு கையும் பக்கவாட்டில் வீசும்.

சுருதி பற்றி யாரும் சொல்லவில்லை. முன்பு வாசித்த திமிரி நாகசுரம் குட்டையானது, சுருதி நாலரை ஐந்து கட்டை (எண் கூடினால் சுருதி உயரும்). வெட்டவெளியில் தூரத்துக்குக் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகசுரத்துக்கு மாறிய பிறகு எல்லோரும் இரண்டு, இரண்டரைக்கு இறங்கினார்கள். நரசிங்கம்பேட்டையில் இன்றும் ஆச்சா மரத்தில் கடைவது பெரும்பாலும் பாரிதான். மைக்கும் மேடையும் வந்த காலத்துக்கு ஏற்ற மாற்றம் அது. உங்கள் அரங்குக்குப் பாரியே போதும், திமிரி கேட்காதீர்கள்.

மேடைப்பொறுப்பு:
நன்றி. ஏசியால் பாதிப்பு உண்டா?

ஒத்து:
உண்டு. குளிரில் குழலின் சுருதி கொஞ்சம் இறங்கும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இறங்காது. பழைய ஒத்துக்குழலும் (சுருதிக்காக மட்டும் ஊதும் குழல்) சீவாளி வைத்து ஊதுவதுதான், அதனால் நாகசுரத்தோடு சேர்ந்தே இறங்கியது. பெட்டி வந்த பிறகு இந்தப் பேதம் பளிச்சென்று தெரிகிறது. ஏசியை 26-இல் வையுங்கள், காற்று நேராக மேடையில் விழ வேண்டாம், விழுந்தால் சீவாளி காய்ந்து பிசிறும். வாசிப்பவர்கள் அரை மணி முன்னதாகவே அரங்குக்குள் வந்து ஊதிப் பார்க்கட்டும். நாகசுரத்தின் அடிப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி திருத்த அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

இணுவில்_ரசிகன்:
யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து ஒரு விஷயம். இங்கே திருவிழாவில் மேளச்சமா என்றே தனியாக வைப்பார்கள். ஊர்வலம் முடிந்த பிறகு சனம் வீதியில் மணலில் இருந்து கேட்கும். நாகசுரத்துக்கு நிகராகத் தவிலுக்கென்றே வருகிற கூட்டம் உண்டு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற தவில் மேதை இங்கிருந்து வந்ததில் அந்தச் சபைக்கும் பங்கிருக்கு. ஆகவே தனியை 15 நிமிடத்துக்குள் அடைக்க வேண்டாம், 20 குடுங்கோ. துக்கடாவைக் குறைக்கலாம்.

வடக்குவீதி:
20 சரிதான், துக்கடாவை 5 ஆக்கிவிடலாம். கல்யாண மண்டபத்தில் கேட்டுப் பழகியவர்கள் சினிமாப் பாட்டு கேட்பார்கள். முதலிலேயே "இன்று இல்லை" என்று அறிவித்துவிடுங்கள். அதை வாசிப்பவர்கள் மேல் குறை சொல்லவும் வேண்டாம். 1963 இனாம் (மானிய நிலம்) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கோயில் ஊழிய நிலங்களை நம்பிப் பிழைக்க முடியவில்லை, வருமானம் முகூர்த்தத்திலிருந்துதான் வருகிறது. முகூர்த்தத்தில் ஒரு மணி நேரத் தோடி ராகத்துக்கு இடம் ஏது?

மைக்_தம்பி:
சத்தத்துக்கு: 250 பேர் அரங்கில் தவிலுக்கு மைக்கே வேண்டாம். தோல்வாருக்குப் பதில் இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் போட்டு முறுக்குவதால் வலந்தலை (தவிலின் வலப்பக்கத் தோல்) முன்பைவிடக் கூர்மையாக ஒலிக்கும். தவில்காரர்களை நாகசுரத்துக்குச் சற்றுப் பின்னால், வலந்தலை நேரே கூட்டத்தைப் பார்க்காமல் ஓரமாகத் திரும்பும்படி உட்காரவையுங்கள். பின்சுவரில் கனமான திரை தொங்கட்டும். நாகசுரத்துக்கு ஒரு மைக், 3 அடி தள்ளி, விரல்துளைகளை நோக்கி. அணசு (குழலின் விரிந்த அடிப்பகுதி) வாயில் நேராக வைத்தால் மேல்ஸ்தாயி மட்டும் கிழியும். ஸ்வரங்களின் ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது. வாசித்துக்கொண்டே ஆளும் குழலும் அசையும், அதனால் பக்கத்தில் வைத்தால் சத்தம் ஏறி இறங்கும். எக்கோவை முழுவதும் அணைத்துவிடுங்கள். சுருதிப்பெட்டி அவர்கள் காதுக்கு மட்டும், சின்ன மானிட்டரில்.