மணாலி – லே தனியாக சைக்கிளில்: சர்ச்சுவில் இரவு தங்கலாமா?

சக்கரம்87:
வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் மணாலியிலிருந்து லடாக்கில் இருக்கும் லேவுக்கு சைக்கிளில் கிளம்புகிறேன். கூட வருவதாக இருந்த நண்பருக்கு லீவு கிடைக்கவில்லை, இன்னொரு வருஷம் தள்ளிப்போட எனக்கு மனசில்லை, அதனால் தனியாகத்தான். மேட்டுப்பாளையம் – கோத்தகிரி பத்துப் பதினைந்து முறை ஏறியிருக்கிறேன், ஏற்றம் பயமில்லை, உயரம்தான் பயம். ரோத்தாங் வழியாக கேலாங், பிறகு ஜிஸ்பா, ஜிங்ஜிங்பார், சர்ச்சு, பாங், டெப்ரிங், லே என்று போட்டிருக்கிறேன். சர்ச்சுவில் தங்கியவர்கள் பலர் தலைவலியில் தூக்கமே இல்லை என்கிறார்கள். வழியெல்லாம் தாபா இருக்கும்போது டென்ட் தேவையா? அம்மாவிடம் தினமும் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறேன், அது நடக்குமா?

பின்காற்று:
நான் 2018 செப்டம்பரில் தனியாகப் போனேன். டென்ட் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க இடம் கிடைக்காது என்பதற்காக இல்லை, எந்த உயரத்தில் படுப்பது என்பதை நீங்களே முடிவு செய்வதற்காக. 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு இரவும் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பார்கள். ஜிஸ்பாவிலிருந்து ஜிங்ஜிங்பார் ஒரே நாளில் ஏறினால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். நடுவில் பட்சேயோ பக்கம் ஓர் இரவு டென்ட் போட்டுவிடுங்கள், கேலாங்கிலும் இரண்டு இரவு இருங்கள். சர்ச்சுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து ஒரே நாளில் வண்டியில் வந்தவர்கள். சைக்கிள்காரருக்கு அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் நான் சர்ச்சுவில் நிற்காமல் இன்னும் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக மிதித்து, காட்டா லூப்ஸ் என்ற வளைவுச் சாலையின் அடிவாரத்தில் ஆற்றோரம் படுத்தேன். அது சர்ச்சுவைவிடக் கொஞ்சம் தாழ்வு, காலையில் அந்த 21 வளைவையும் புதுக்காலோடு ஏறலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஜிங்ஜிங்பாருக்கும் சர்ச்சுவுக்கும் நடுவே வரும் பாராலாச்சா லாவை ('லா' என்றால் கணவாய்) தாண்டிவிட்டால், உடம்பு சரியில்லை என்று சும்மா கீழே இறங்கி வர முடியாது. சர்ச்சுவுக்கு ஒரு பக்கம் 4,800 மீட்டரைத் தாண்டும் பாராலாச்சா, மறுபக்கம் நக்கீ லாவும் லாச்சுலுங் லாவும். பாங்கிலிருந்தோ எந்தப் பக்கம் போனாலும் 5,000 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். ஆக, திரும்புவதா வேண்டாமா என்பதை ஜிங்ஜிங்பாரில் காலை எழுந்ததும் முடிவு செய்ய வேண்டும். அங்கே தலைவலியோடு வாந்தியும் இருந்தால் ஏறாதீர்கள், கீழே ஜிஸ்பா பக்கம் இருக்கும் தார்ச்சாவுக்கு மிதிக்காமலே உருண்டு போய்விடலாம். தனியாகப் போகும்போது 'போதும், திரும்பு' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது, நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம்கியர்:
டென்ட் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நான் டென்ட், அடுப்பு எதுவும் இல்லாமல் போனேன், நாலைந்து கிலோ குறைந்தது டாங்லாங் லாவில் (5,300 மீட்டருக்கு மேல்) நன்றாகத் தெரிந்தது. ஆனால் என்னோடு இன்னொருவர் இருந்தார். தனியாக என்றால் பின்காற்று சொல்வதே சரி.

ஓடைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரோட்டைக் குறுக்கே கடக்கும் பனி உருகிய ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் வெயில் ஏற ஏற முழங்காலுக்கு வந்துவிடும், ஷூ நனைந்தால் அந்தக் குளிரில் காயாது. பாங்கைத் தாண்டி வரும் மோரே சமவெளியும் அப்படித்தான், நாற்பது கிலோமீட்டர் தட்டை என்று மெதுவாகக் கிளம்பினால் மதியக் காற்றில் மாட்டுவீர்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் முன்பே டாக்டரைப் பாருங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்பார்.

பின்காற்று:
போன் பற்றி: நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் நான் போனபோது ஜிஸ்பாவுக்குப் பிறகு, லேவுக்கு முன்னால் வரும் உப்ஷி பக்கம் போகும்வரை எனக்குச் சிக்னலே இல்லை. அம்மாவிடம் 'தினமும்' என்று சொல்லாதீர்கள். ஜிஸ்பாவில் பேசிவிட்டு, 'இனி சில நாள் பேச்சு வராது, இந்தத் தேதிக்குள் கூப்பிடுவேன்' என்று சொல்லுங்கள். ஏழு நாளில் முடியும் என்று தோன்றினாலும் ஒன்பது என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தேதிக்காக ஓய்வு நாளை விட்டுவிட்டு மிதிப்பீர்கள். நான் அதைத்தான் செய்தேன், பாங்கில் ராணுவ முகாமில் ஆக்ஸிஜன் வாங்கிப் படுத்திருந்தேன்.

சக்கரம்87:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஜிங்ஜிங்பார் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கேலாங்கில் ஒரு நாள், பட்சேயோவில் ஒரு இரவு சேர்த்துவிட்டேன், லீவை இரண்டு நாள் நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்று ராத்திரி பேசுகிறேன்.