பதின்மூன்றா, பதினான்கா, பதினைந்தா? 400 மீட்டர் தடையோட்டக் கல்லூரிச் சாம்பியன்கள் தடைக்குத் தடை எடுக்கும் காலடிகளை எண்ணிப் பார்த்தவர்கள்

பயிற்சியாளர்:
2018 ஜூன் 8. ஓரிகன் மாநிலம் யூஜீன், ஹேவர்ட் ஃபீல்ட் மைதானம், அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. இறுதி. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராய் பெஞ்சமின் 400 மீட்டர் தடையோட்டத்தை 47.02 வினாடியில் ஓடினார். இந்தப் பந்தயத்தின் பழைய ஜாம்பவான் எட்வின் மோசஸ் 1983-இல் ஓடிய அதே நேரம். (அப்பா வின்ஸ்டன் பெஞ்சமின், வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மகனைவிட அப்பாவைத்தான் தெரியும்.) அந்த வீடியோவை ஒருமுறையாவது கடிகாரத்தை மறைத்துவிட்டு, இரண்டு தடைகளுக்கு இடையே எடுக்கும் ஸ்டெப்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். இந்தப் பந்தயமே எண்ணிக்கைதான்.

கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். அடுத்து ஒவ்வொன்றுக்கும் 35. பத்தாவது தடையிலிருந்து முடிவுக்கோட்டுக்கு 40. ஆண்களுக்கு உயரம் 91.4 செ.மீ. தடைக்குச் சுமார் 2.2 மீட்டர் முன்னால் எழும்பி, சுமார் 1.3 மீட்டர் தள்ளி இறங்கினால், தரையில் ஓட மிஞ்சுவது 31.5 மீட்டர். அதை 13 ஸ்டெப்பில் முடிக்க ஒவ்வொன்றும் 2.42 மீட்டர் வேண்டும். 14 என்றால் 2.25. 15 என்றால் 2.10.

13 எடுக்கும் பையன் நான்காவது தடை வரை ராஜா மாதிரி ஓடுவான். ஆறு, ஏழில்தான் வினை. களைப்பில் ஸ்டெப்புக்கு வெறும் 10 செ.மீ. குறைந்தாலே 13 ஸ்டெப்பில் 1.3 மீட்டர் பற்றாக்குறை. 2.2-இல் எழும்ப வேண்டியவன் 3.5 மீட்டர் தள்ளி நிற்கிறான். அங்கிருந்தே தாவினால் காற்றில் மிதந்து, விறைத்த காலில் இறங்கி, வேகம் செத்துப்போகும். தாவாமல் இரண்டு குட்டி ஸ்டெப் திணித்தால் இடுப்பு உட்கார்ந்துவிடும். இரண்டுமே நஷ்டம். அதனால் 14-க்கு எந்தத் தடையில் மாறுவது என்று பயிற்சியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கால் கெஞ்சிய பிறகு மாறுவது மாற்றமே இல்லை, விபத்து.

கேள்வி:
சார், 14-க்கு மாறினால் முன்னால் போகும் கால் மாறிவிடுமே?

பயிற்சியாளர்:
மாறும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் எப்போதும் ஒரே கால் முன்னால் போகும், இரட்டைப்படையில் தடைக்குத் தடை மாறும். இரண்டு காலிலும் தாண்டத் தெரியாதவன் 13-இலிருந்து நேராக 15-க்குத்தான் விழ முடியும். ஒரே தடையில் 2.42-இலிருந்து 2.10! பிரேக் போட்ட பஸ் மாதிரி ஆகிவிடும். வலது காலில் மட்டும் தாண்டுகிறவனை வாரத்தில் ஒரு நாள் முழுக்க இடது காலிலேயே தாண்டச் சொல்லுங்கள், தடை உயரத்தைக் குறைத்து வைத்து.

களநடுவர்:
கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடது கால் முன்னால் போனால் வளைவில் உள்கோட்டை ஒட்டியே ஓடலாம். வலது கால் முன்னால் போகிறவருக்குப் பின்கால் இடது. உடல் உள்பக்கம் சாய்ந்திருக்கும்போது அந்தக் கால் தடைக்கு வெளியே, மேல்விளிம்பு மட்டத்துக்குக் கீழே வழுக்கிப் போகும். கொடி தூக்கிவிடுவோம், தகுதிநீக்கம். தடை தட்டுப்பட்டு விழுந்தது என்பதற்காக மட்டும் யாரையும் வெளியேற்றுவதில்லை, கையாலோ உடலாலோ முன்காலின் மேற்பக்கத்தாலோ தள்ளினால், அல்லது அடுத்தவருக்கு இடையூறானால்தான். ஆகவே வலதுகால்காரர்கள் வளைவில் தங்கள் லேனின் நடுவுக்குக் கொஞ்சம் வெளியே தாண்டுவது நல்லது. சில சென்டிமீட்டர் கூட ஓட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

தடை வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 400-க்குத் தடை வைக்க ஓடுதளத்தில் போட்டிருக்கும் குறி பச்சை நிறம். அடிக்கால்கள் ஓடிவருபவரைப் பார்த்து இருக்க வேண்டும். மேல்பட்டையின் நடுவில் 3.6 முதல் 4 கிலோ வரை விசை கொடுத்தால்தான் தடை சாய வேண்டும். அதற்குத்தான் அடியில் நகரும் எடைகள். பெண்களின் 76.2-இலிருந்து 91.4-க்கு உயர்த்திவிட்டு எடையை நகர்த்த மறந்தால் காற்றுக்கே சாயும். கீழே இறக்கும்போது மறந்தால் முழங்காலைப் பதம் பார்க்கும். என்.சி.ஏ.ஏ.வில் ஆண்கள் இறுதி வெள்ளி, பெண்கள் இறுதி சனி. உயரத்தோடு எடையும் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்ப்பதே சரி.

கேள்வி:
12 ஸ்டெப் ஓடியவர் உண்டா?

பழைய முடிவுகள் சேகரிப்பவர்:
கெவின் யங். யூ.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாணவர், 1987, 88 என்.சி.ஏ.ஏ. சாம்பியன், உயரம் 1.93 மீட்டர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் இறுதியில் நான்காவது, ஐந்தாவது தடைகளுக்கு மட்டும் 12, மற்றதெல்லாம் 13. மேலே சொன்ன கணக்கில் 12 என்றால் ஸ்டெப்புக்கு 2.6 மீட்டருக்கு மேல். ஓடிய நேரம் 46.78. கடைசித் தடையைத் தட்டிவிட்டு, முடிவுக்கோட்டுக்கு முன்பே கையை உயர்த்தியும் அந்த நேரம். 2021 ஜூலை 1 வரை அதுவே உலக சாதனை.

மோசஸை இந்த என்.சி.ஏ.ஏ. சாம்பியன் பட்டியலில் தேடாதீர்கள். அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் சிறிய கல்லூரி, அங்கே ஓடுதளமே கிடையாது. மோசஸின் 122 தொடர் வெற்றிகளை 1987 ஜூன் 4 அன்று மாட்ரிட்டில் முறித்த டேனி ஹாரிஸ்தான் கல்லூரிச் சாம்பியன், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம், 1984 முதல் 86 வரை மூன்று முறை.

1984-இல் பெண்கள் பட்டமும் அதே அயோவா ஸ்டேட்டுக்கே போனது. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில். அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 54.61-இல் தங்கம். வெள்ளி வாங்கிய ஜூடி பிரவுன் 1983-இன் கல்லூரிச் சாம்பியன், மிச்சிகன் ஸ்டேட். மூன்றாமிடம் ருமேனியாவின் கொஜொகாரு, 55.41. நான்காவதாக 55.42-இல் வந்தவர் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பி.டி. உஷாவுக்கு முன்னால் போன மூவரில் இருவர் அமெரிக்கக் கல்லூரிப் பந்தயங்களில் தேறியவர்கள். அந்த நூறில் ஒரு வினாடியைப் பேசுகிற நாம் இதைப் பேசுவதே இல்லை.

பயிற்சியாளர்:
பயிற்சி முகாமில் ஸ்டாப்வாட்சோடு நிற்பவர்களுக்கு. தடை தாண்டிக் கால் தரையில் படும் கணம்தான் டச்டவுன், அதை எடுங்கள். 48 வினாடிக்காரருக்கு முதல் தடை 5.9 வாக்கில். அதன் பிறகு ஒன்பது இடைவெளிகள், சராசரி 4.05, ஆக 36.45. கூட்டினால் 42.35. கடைசி 40 மீட்டருக்கு 5.6. கணக்கு 47.95-இல் நிற்கும். சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள், தொடக்க இடைவெளிகள் 3.7, கடைசியில் 4.4 என்று சரியும். அந்தச் சரிவு எந்தத் தடையில் சட்டென்று குதிக்கிறதோ, அங்கேதான் ஸ்டெப் குழம்பியிருக்கிறது.

முதல் தடைக்கு 13 ஸ்டெப்காரர்கள் 20 அல்லது 21 எடுப்பார்கள். 20 என்றால் பிளாக்கில் (புறப்படும்போது கால் ஊன்றும் கட்டை) பின்னால் வைத்த கால்தான் தடையில் முன்னால் போகும். 21 என்றால் முன்னால் வைத்த கால். தவறான கால் வருகிறது என்றால் ஓட்டத்தைத் திருத்தாதீர்கள், பிளாக்கில் காலை மாற்றி வையுங்கள்.

பழைய முடிவுகள் சேகரிப்பவர்:
பெண்கள் பக்கம் சுருக்கமாக. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் சிட்னி மெக்லாஃப்லின் 2018 மே மாதம் 52.75 ஓடினார். அடுத்த மாதம் யூஜீனில் கொட்டும் மழையில் 53.96-இல் பட்டம். அந்த 52.75-ஐ 2025 ஜூனில் மிச்சிகனின் சவானா சதர்லேண்ட் 52.46 என்று மாற்றினார், அதுவும் என்.சி.ஏ.ஏ. இறுதியிலேயே. ஆனால் எனக்கு வியப்பு தந்தவர் ஆனா காக்ரெல் என்பவர். 2021-இல் ஒரே போட்டியில் 100, 400 இரண்டு தடையோட்டங்களும் வென்றார். ஒன்று 83.8 செ.மீ. உயரம், 8.5 மீட்டர் இடைவெளி, மூன்றே ஸ்டெப். மற்றது இந்த எண்ணிக்கைப் பைத்தியம். உடம்புக்கு இரண்டு தாளம் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி:
எல்லா லேனிலும் ஐந்தாவது தடை ஒரே மாதிரி இடத்தில்தானே வரும்?

களநடுவர்:
இல்லை. முதல் லேனில் ஐந்தாவது தடை எதிர்ப்பக்க நேர்பாதையில், இரண்டாம் வளைவுக்குச் சுமார் 15 மீட்டர் முன்னால். எட்டாவது லேனில் வளைவு நீளம், அதை ஈடுகட்டப் புறப்படும் கோடே முன்னால் தள்ளி இருக்கும், அதனால் அதே ஐந்தாவது தடை வளைவு தொடங்கிப் பத்து மீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். எட்டில் ஓடுபவர் எதிர்க்காற்றையும் வளைவையும் வேறு வரிசையில் சந்திக்கிறார். லேன் ஒதுக்கீட்டுத் தாள் கைக்கு வந்ததும், 14-க்கு மாறும் தடையை அந்த லேனுக்கு ஏற்ப ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.