பெர்தஸ்: பிள்ளைக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் சொல்லுங்கள்

மூத்தவன் அம்மா:
பையனுக்கு அப்போது எட்டரை வயது. முழங்கால் வலி என்று நொண்டினான், கோளாறு இடுப்பில்: தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்து நசுங்கும் பெர்தஸ் நோய். இந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். எனக்கு உறுத்துவது ஆபரேஷனுக்கு முந்தின நாள். "ரத்த ஓட்டம் எப்போது சரியாகும் டாக்டர்?" என்றேன். "ஆபரேஷன் அதற்கு இல்லைம்மா. ரத்தம் தானாகத் திரும்பும், எலும்பு மறுபடி வளர வருஷக்கணக்காகும்" என்றார். எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்பின் தலை நசுங்கித் துண்டு துண்டாகத் தெரிந்தது. அதன் வெளி ஓரத்தைப் பேனா முனையால் தொட்டார். "இது இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டு நழுவுகிறது. கீழே தொடை எலும்பை வெட்டிச் சாய்த்து, பிளேட் போட்டு, தலையை உள்ளே உட்கார வைப்போம். இளகியிருக்கும்போதே உள்ளே இருந்தால் அச்சில் வார்த்த மாதிரி உருண்டையாக வளரும்." கெட்டதைத் தொடாமல் நல்ல எலும்பை வெட்டுகிறார்கள்! கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

குட்டிப்புலி அப்பா:
எங்கள் பையனுக்கு ஐந்து வயதில் வந்தது. குதிக்காமல் பார்த்துக்கொண்டோம், பயிற்சி கொடுத்தோம், அவ்வளவுதான். இப்போது பந்தாடுகிறான். ஏன் எல்லோரும் கத்திக்கு ஓடுகிறீர்கள்?

மூத்தவன் அம்மா:
ஐயா, ஐந்தும் எட்டரையும் ஒன்றா?

பிளேட் எடுத்தாச்சு:
எங்களுக்கு மகள். நாலைந்து பையன்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கில்தான் வருமாம், அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அதை அறுத்த அன்று தோல் உரிந்து, சதை வற்றிய காலைப் பார்த்து, "இது யார் கால்?" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

பழைய ஃபிஸியோ:
அண்ணன் மகனுக்கு இடுப்பெலும்பிலேயே வெட்டும் சால்ட்டர் முறை செய்தார்கள், கூட இருந்தேன். அது கிடக்கட்டும், குட்டிப்புலி அப்பா சொன்னதைத் திருத்த வேண்டும். ஆறு வயதுக்குள் வந்தால் பெரும்பாலும் கத்தி இல்லாமலே தேறும். எட்டுக்கு மேல் வந்து, எலும்புத் தலையின் வெளிப்பக்கத் தூண், அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் அதன் வெளி ஓரப் பகுதி, பாதி உயரமாவது நின்றால், ஆபரேஷன் செய்தவர்களுக்கே பலன் மேல். 2004-இல் ஹெர்ரிங் என்ற எலும்பு மருத்துவர் குழுவின் ஆய்வு காட்டியது இதைத்தான். தூண் பாதிக்கும் கீழே சரிந்துவிட்டால் எது செய்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வயதை மட்டும் பார்க்காதீர்கள், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தலை மறுபடி இறுகிய பிறகு உள்ளே தள்ளி என்ன லாபம்? இன்னொன்று, கால் பக்கவாட்டில் நன்றாக விரிய வேண்டும். விறைப்பாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்தச் சொல்லுங்கள். தொடை எலும்பைச் சாய்த்தால் கால் கொஞ்சம் குட்டையாகும், நடை சற்றே சாயும், அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அப்புறம் எடை ஏறாமல்...

மூத்தவன் அம்மா:
சரி சார், ஆபரேஷன் முடிந்தே ரொம்ப நாளாச்சு. @பிளேட் எடுத்தாச்சு, எடுத்ததும் திரும்ப மாவுக்கட்டா?

பிளேட் எடுத்தாச்சு:
எங்களுக்குப் போடவில்லை. ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மூடும்வரை ஓடவோ குதிக்கவோ கூடாது என்றார்கள். அதுதான் பெரும்பாடு.