சனிக்கிழமை பகல் காட்சி, கையில் இரண்டு பெரிய பெட்டிகள்: தியேட்டரில் வைத்துக்கொள்வார்களா?

இளவேனில் கேட்கிறார்:
வணக்கம். அவசரமாக உதவி வேண்டும். நாளை மறுநாள், சனிக்கிழமை, மதியம் 2.30 மணி நாடகத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறோம். அன்று காலை 10 மணிக்கே தற்காலிக அறையைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் இப்போதுதான் சொல்கிறார். புது வீட்டுச் சாவி மாலை 6 மணிக்கு மேல்தான் கைக்கு வரும். இதற்கு நடுவில் தியேட்டரிலிருந்து ஒரு மின்னஞ்சல்: பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை, எல்லாப் பைகளும் சோதனை செய்யப்படும் என்கிறது. வைத்துக்கொள்வார்களா, கட்டணம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. டிக்கெட் பணமும் திரும்பாதாம். ஊருக்குத் திரும்புவதற்குள் மாமியார் ஆசையாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான். பெட்டிகளை என்ன செய்வது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நீலக்குடை:
பதறாதீர்கள் சகோதரி. நாடக அரங்கு என்றால் பை வைக்க இடம் இருக்கும். ஜெர்மனியில் நான் போன அரங்குகள் பலவற்றில் கோட்டையும் பெரிய பையையும் ஒப்படைத்தால்தான் உள்ளே விடுவார்கள். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் நடக்காது. சில இடங்களில் அந்தக் கட்டணம் டிக்கெட்டிலேயே அடக்கம், சில இடங்களில் ஒன்றிரண்டு யூரோ. சில்லறை வைத்திருங்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அவதி. நடுங்கும் குளிரில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு கனத்த கோட்டு. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மொழியும் புரியாமல், எண் பொறித்த வில்லையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி முதல் பாதி முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, பேச ஓர் ஆள் கிடையாது.

ஐந்தாம்மாடி:
நீலக்குடை சொன்னதை நம்பிப் பெட்டியோடு போய் நின்றுவிடாதீர்கள். நான் இருப்பது நியூயார்க். பிராட்வேயில் பல தியேட்டர்களில் கோட்டு வைக்கவே இடம் கிடையாது. பயணப் பெட்டியைக் கண்டாலே வாசலில் நிறுத்திவிடுவார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் குடியேறியவன் நான். பெட்டி தூக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கரும்பலகை:
அம்மா, மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வந்த புதிதில் மூன்று பேர் நாடகத்துக்குப் போகும் செலவில் ஒரு வாரச் சாமான் வாங்கிவிடலாம். முதல் ஆண்டு கையை இறுக்கிப் பிடித்தால்தான் இரண்டாம் ஆண்டு மூச்சு விட முடியும். நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம், தரையில் படுத்தோம்.

கடைசிவரிசை:
ஐயா, டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வயதான ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதை ஏன் குறை சொல்ல வேண்டும்? இளவேனில், நீங்கள் இருப்பது எந்த ஊர்? எந்த வட்டாரத்துத் தியேட்டர்? பெட்டி எத்தனை, என்ன அளவு? இது தெரியாமல் யார் சொல்வதும் உங்களுக்கு உதவாது.

இளவேனில்:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். லண்டன். இப்போது ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம், புது வீடு ஹாரோவில். தியேட்டர் லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்குப் பக்கம். இரண்டு பெரிய பெட்டிகள், கணவரின் லேப்டாப் பை, மாமியாரின் கைப்பை. மாமியாருக்குச் சர்க்கரை நோய். இன்சுலினும் ஊசியும் அந்தக் கைப்பையில்தான் இருக்கும். அதையும் வெளியே வைக்கச் சொல்வார்களா?

தேம்ஸ்கரை:
லண்டன்தானா, கவலையே வேண்டாம். வெஸ்ட் எண்ட் நாடக வட்டாரத்தில் கோட்டு, பை ஒப்படைக்கும் க்ளோக் ரூம் உண்டு. போன குளிர்காலத்தில்கூடச் சக்கரம் வைத்த சின்னப் பெட்டியை அங்கே வைத்துவிட்டுத்தான் நாடகம் பார்த்தேன். சில பவுண்டுதான் வாங்கினார்கள்.

பனிமூட்டம்:
எங்களை உள்ளேயே விடவில்லையே! அதுவும் பெட்டி இல்லை, முதுகுப்பை. வாசலில் இருந்தவர் பையின் ஒவ்வொரு அறையையும் திறக்கச் சொல்லி, சின்னக் குச்சியால் உள்ளே விலக்கிப் பார்த்தார். பிறகு, இந்த அளவுக்கு இங்கே இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். என்னுடன் வந்தவர் ஓடிப்போய்ப் பையை எங்கோ வைத்துவிட்டு வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். இடையில் உட்காரவைக்கத் தோதான கட்டம் வரும்வரை முன்கூடத்தில் நின்றோம். காசு கொடுத்தவர்களை இப்படியா நடத்துவது? டிக்கெட்டுக்கு மேல் முன்பதிவுக் கட்டணம், பழைய கட்டடத்தைப் பராமரிக்க ஒரு தொகை, கோட்டு வைக்க ஒரு தொகை. எதற்குத்தான் காசு வாங்கமாட்டார்கள்?

ஐந்தாம்மாடி:
இங்கேயும் முன்பு அதே கதைதான். திரையில் ஒரு விலை காட்டும், பணம் கட்டும்போது இன்னொரு விலை வரும்.

கரும்பலகை:
தியேட்டரை விடுங்கள், வீட்டு விஷயம்தான் எனக்கு மனதை அறுக்கிறது. இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டுக் காலை 10 மணிக்கு வெளியே போ என்றால் என்ன நியாயம்? புது வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு கேட்டார்கள்? 2019-ஆம் ஆண்டு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் கறந்துவிடுகிறார்கள். ரசீது வாங்கி வையுங்கள் அம்மா.

நீலக்குடை:
வாடகை பற்றிப் பேசினால் விடிந்துவிடும். இங்கே சமையலறை இல்லாத வெற்று வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுப்பையும் அலமாரியையும் நீயே வாங்கிப் போட்டுக்கொள் என்கிறார்கள்!

கடைசிவரிசை:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். இளவேனிலுக்குச் சனிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

நான் படிக்கும்போது லண்டன் தியேட்டர் ஒன்றில் பகுதிநேரமாக, பார்வையாளர்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலை பார்த்தேன். பகல் காட்சிக்கு வாசல் திறந்ததும், விமானநிலையத்திலிருந்து நேராக வந்த யாராவது ஒருவர் பெட்டியோடு நிற்பார். திருப்பி அனுப்ப எங்களுக்கும் மனம் வராது. ஆனால் வைக்க இடம் இருக்காது.

தேம்ஸ்கரையும் பனிமூட்டமும் சொல்வது இரண்டுமே உண்மைதான். வாசலில் பையைத் திறந்து பார்ப்பது பாதுகாப்புச் சோதனை, அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பொருளை வாங்கி வைத்துக்கொள்வது வேறு சேவை. அது இருக்கிறதா, எந்த அளவு வரை, எவ்வளவு காசு என்பதெல்லாம் தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் பொருளுக்குச் சில பவுண்டு. க்ளோக் ரூமே இல்லாத இடங்களும் உண்டு. கோட்டு, குடை, சின்னப் பைக்காக ஏற்பட்ட அறை அது. இரண்டு பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணிப் போகவே கூடாது.

இடமில்லை என்பது சாக்கு இல்லை. வெஸ்ட் எண்ட் தியேட்டர்கள் பலவும் நூறு ஆண்டுக்கு மேல் பழையவை. ஃபிராங்க் மாட்சம் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கொலிசியம் 1904-இல் திறந்தது, பலேடியம் 1910-இல், விக்டோரியா பேலஸ் 1911-இல். இருக்கை வரிசைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்காரும் அளவுதான் இடம். பழமைக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் நினைத்தபடி இடித்துப் பெரிதாக்கவும் முடியாது. காலடியில் வைத்த பை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் எந்த ஊழியரும் விடமாட்டார். 1887-இல் எக்சிட்டர் நகரத் தியேட்டரில் பிடித்த தீயில் 186 பேர் இறந்தார்கள். மேல்மாட இருக்கைகளில் இருந்தவர்கள் வெளியேற வழியில்லாமல் நெரிசலில் சிக்கினார்கள். இங்கே தியேட்டர் பாதுகாப்பு விதிகள் கடுமையானது அதற்குப் பிறகுதான். பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொன்னது, நடைபாதையில் ஒரு குடைகூடக் கிடக்கக் கூடாது என்பதுதான்.

பைச் சோதனை இறுகியதற்கு 2017 மே மாதம் மான்செஸ்டர் அரினாவில் நடந்த குண்டுவெடிப்பு ஒரு பெரிய காரணம். 22 பேர் உயிரிழந்தார்கள். அதில் மார்ட்டின் என்ற மகனை இழந்த ஒரு தாய் விடாமல் போராடியதன் பலனாக 2025 ஏப்ரலில் மார்ட்டின் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம் நிறைவேறியது. 800 பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்களுக்கு அதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நடைமுறைக்கு வரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சோதனை இனித் தளரப் போவதில்லை. பனிமூட்டத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசலில் நிற்பவரிடம் அதைக் காட்டாதீர்கள்.

இனி உங்கள் வழி. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் வந்துவிடலாம். அந்த நிலையத்தில் பெட்டிகளைக் காசுக்கு வைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் வாங்குவார்கள். பெட்டிக்கு இவ்வளவு, இத்தனை மணி நேரத்துக்கு என்று கணக்கு. தியேட்டர் க்ளோக் ரூமைவிட அதிகம்தான். இரண்டு பெட்டிக்குச் சேர்த்து இருபது பவுண்டுக்கு மேல் ஆகும் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடும் நேரத்தை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அங்கிருந்து பிக்காடில்லி ரயிலில் லெஸ்டர் ஸ்கொயர் நாலாவது நிறுத்தம். நாடகம் முடிந்ததும் அதே வழியில் திரும்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கிங்ஸ் கிராஸிலிருந்தே மெட்ரோபாலிட்டன் ரயிலில் ஹாரோ ஆன் த ஹில் போய்விடலாம். பெட்டியோடு ஒரு தடவைகூட ரயில் மாற வேண்டியதில்லை.

தேம்ஸ்கரை:
செயலி வழியாக முன்பதிவு செய்தால் கடைகளிலும் ஓட்டல்களிலும் பெட்டி வைத்துக்கொள்கிறார்களே, அது இன்னும் மலிவு. லெஸ்டர் ஸ்கொயர் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது.

கடைசிவரிசை:
மலிவுதான். ஆனால் அவர்கள் பெட்டியை லெஸ்டர் ஸ்கொயர் வரை இழுத்துக்கொண்டு போய், சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் மறுபடியும் இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும், கூடவே மாமியாரும் இருக்கிறார். இந்தக் குடும்பத்துக்கு நிலையம்தான் நல்லது என்பேன்.

எங்கே வைத்தாலும் பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், நகை, பணம், புது வீட்டு ஒப்பந்தம் எதையும் பெட்டிக்குள் விடாதீர்கள். எல்லாவற்றையும் லேப்டாப் பையில் போட்டு, அந்தப் பையை மெலிதாக வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் போகிற அளவு இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இன்சுலின் பற்றிக் கவலை வேண்டாம். மருந்தை உங்களிடமிருந்து பிரிக்கக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, உடல்நிலை காரணமாக நீண்டகாலச் சிரமம் உள்ளவர்களுக்கு நியாயமான வசதி செய்துகொடுக்கும் கடமை அரங்குகளுக்கும் உண்டு. ஊசியைத் திடீரென்று பார்த்தால் சோதனை செய்பவர் கேள்வி கேட்பார். அதனால் பையைத் திறக்கும் முன்பே, உள்ளே இன்சுலின் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டின் நகல் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சர்க்கரை இறங்கினால் சாப்பிட ஏதாவது வைத்திருந்தால் அதையும் மருந்துக்காக என்று சேர்த்துச் சொல்லுங்கள், வெளி உணவு என்று எடுத்துவிடாமல் இருக்கும்.

இளவேனில்:
கடைசிவரிசை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கணவரிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி. டிக்கெட்டை ஒரு முகவர் தளத்தில் வாங்கினோம். சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேட்பதா, தியேட்டரைக் கேட்பதா?

கடைசிவரிசை:
தியேட்டரையே கேளுங்கள். பை விதி முகவர் கையில் இல்லை. தியேட்டரின் சொந்தத் தளத்தில், வருகை பற்றிய பக்கத்தில் பை அளவு பெரும்பாலும் போட்டிருக்கும். இல்லையென்றால் நாளைக் காலை தொலைபேசியில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: லேப்டாப் பையின் நீள அகலத்தைச் சொல்லி, உள்ளே விடுவார்களா, க்ளோக் ரூம் உண்டா, இருந்தால் கட்டணம் எவ்வளவு, இன்சுலின் எடுத்துவரும் ஒருவர் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ள முடியுமா. பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி அதைத் தொலைபேசியிலேயே வைத்திருங்கள்.

பனிமூட்டம்:
1.45-க்கெல்லாம் வாசலில் நின்றுவிடுங்கள் சகோதரி. சனிக்கிழமைப் பகல் காட்சிக்குச் சோதனை வரிசை தெருமுனை வரை போகும். நீங்களும் மாமியாரும் கைப்பையோடு முன்னால் போங்கள், கணவர் லேப்டாப் பையோடு வரட்டும். மூவரின் டிக்கெட்டும் ஒரே தொலைபேசியில் இருந்தால் ஆளுக்கு ஒன்றாக அனுப்பிவிடுங்கள்.

தேம்ஸ்கரை:
வாரக்கடைசியில் ரயில் தடங்களில் பராமரிப்பு வேலை நடக்கும். வெள்ளிக்கிழமை இரவே லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் தளத்தில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி, பிக்காடில்லி, மெட்ரோபாலிட்டன் மூன்றும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். முதலாவது நின்றிருந்தால் ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் விக்டோரியா போங்கள், அங்கேயும் பெட்டி வைக்கலாம். ஆனால் ஹாரோவுக்கு அங்கிருந்து ஒருமுறை மாற வேண்டியிருக்கும்.