சாத்தானின் பல்லும் சிம் அட்டையும்: மியூசிக் பான்ட் வைத்திருந்தவர்களின் கதைகள்

'டெனேசியஸ் டி' என்ற ரொக் பாட்டுப் பகிடிப் படத்தில் எந்த இடம் உங்கள் பான்டை நினைவுபடுத்தியது என்ற கேள்விக்கு, திருகோணமலையில் பான்ட் வைத்திருந்தவர்கள் சொன்னவை இவை.

உவர்மலையிலிருந்து:

2006இல் வந்த 'டெனேசியஸ் டி: த பிக் ஒஃப் டெஸ்டினி' தியேட்டரில் படுத்த படம். போட்ட காசே திரும்பவில்லை. எங்கள் செட்டுக்கு அது பென்டிரைவில் வந்து சேர்ந்தது. வீட்டு ஆக்களோடு இருந்து பார்க்கிற படமில்லை, வாயைத் திறந்தால் தூஷணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் ஜாக் பிளாக்கும் கைல் காஸும் வாடகை கட்ட வழியில்லாத இரண்டு பாட்டுக்காரர்கள். பெரிய ரொக் கலைஞர்கள் எல்லாரும் சஞ்சிகை அட்டைகளில் ஒரே பிக்கைத்தான் (கிற்றார் கம்பியை மீட்டுகிற சின்னத் துண்டு) பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். அது சாத்தானின் பல்லில் செய்த பிக். அதைக் களவெடுத்தால் போட்டியில் வென்று வாடகையைக் கட்டலாம்! நரகத்திலிருந்து வந்த சாமானை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்பது ஒரு மாத வாடகைதான். நான் விழுந்து விழுந்து சிரித்தது அந்த இடத்துக்குத்தான்.

எங்கள் குழுவிலும் ஆளுக்கொரு 'பிக்' இருந்தது. கீபோர்ட்காரருக்குப் புது மொடல் கீபோர்ட். லீட் கிற்றார் வாசித்தவனுக்கு, சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டோர்ஷன் பெடல். "அது மட்டும் கையில வரட்டும் மச்சான், பிறகு பார்" என்பான். எனக்கு உண்மையாகவே பிக்தான் பிரச்சினை. தொலைந்துகொண்டே இருக்கும். சிம்மை உடைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் அட்டையைக் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டி, முனையைச் சீமெந்துத் தரையில் தேய்த்துத் தேய்த்து உருட்டுவேன். மெல்லிய கம்பிக்குப் பரவாயில்லை. தடித்த கம்பியில் பட்டால் வளைந்து 'டக் டக்' என்று சத்தம் போடும். பாட்டை விட அதுதான் கூடக் கேட்கும்.

ஒரு கோயில் திருவிழாவின் கடைசி இரவு எங்களுக்கு மேடை கிடைத்தது. படத்தில் சாத்தானாக வருபவர் டேவ் க்ரோல், 'நிர்வாணா' என்ற ரொக் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர், உடம்பெல்லாம் சிவப்பு, தலையில் கொம்பு. எங்கள் சாத்தான் வெற்றிலை போட்டுக்கொண்டு சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் இருந்தார். கிற்றாரைக் கூட்டச் சொன்னால், "தம்பி, சனத்துக்குப் பாட்டு விளங்கோணும். உன்ர இரைச்சலைக் கேக்க ஒருத்தரும் வரேல்ல" என்றார். கடன்பட்டு வாங்கிய பெடலின் பட்டரி இரண்டாவது பாட்டிலேயே இறங்கிவிட்டது. லீட்காரன் முகம் செத்துப்போனது. சனத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு அண்ணை எழும்பி, "பைலா ஒண்டு போடுங்கோ தம்பியவை" என்றார். போட்டோம். மூன்று கோர்ட் தெரிந்தால் காணும், சிம் அட்டை பிக்குக்கும் அந்தத் தாளம் நன்றாகப் பிடித்தது. கதிரைகளைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு ஆடினார்கள்.

பாலையூற்றிலிருந்து:

எனக்கு மனதில் நின்றது படத்தில் வருகிற ஜாக் பிளாக்கின் அப்பா. மகனின் அறைக்குள் வந்து போஸ்டர்களைக் கிழித்தெறிந்து, ரொக் பாட்டுப் பிசாசின் வேலை என்று ஏசுகிறார். அதையும் ரொக் பாட்டாகவே பாடுகிறார்! வேடம் போட்டவர் மீட் லோஃப், அவரே பெரிய ரொக் பாடகர். அடுத்த நிமிடம் மிஞ்சிய போஸ்டரிலிருந்து ரொக் பாடகர் ரொனி ஜேம்ஸ் டியோ பாடத் தொடங்க, பெடியன் வீட்டை விட்டு ஓடுகிறான்.

என் அப்பா தேவாலயப் பாடகர் குழுவில் பாடினவர். நான் தகர வாளிகளைக் கவிழ்த்து வைத்துத் தட்டிப் பழகிய காலத்தில் அவர் ஏசியதும் சுருதி பிசகாமல்தான். பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் மதிலால் எட்டிப்பார்த்து, "ரெண்டு பேரில ஆராவது ஒராள் நிப்பாட்டுங்கோ" என்றார். நான் ஓடிப்போகவில்லை. ஓடினாலும் கடைசி பஸ் போயிருக்கும்.

கோட்டை வீதிப் பக்கத்திலிருந்து:

எங்கள் பயிற்சி ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில். ஊர் மான்களைத் தெரியும்தானே, கேற் திறந்திருந்தால் சொந்த வீடு மாதிரி உள்ளே வரும். ஒருநாள் பாட்டு வரிசை எழுதிய கொப்பித்தாளை ஒன்று நின்று நிதானமாகத் தின்றது. அடுத்த நாள் நிகழ்ச்சியில் எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்று மேடையிலேயே சண்டை. இதைப் படமாக எடுத்தால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

கடற்கரை வீதியிலிருந்து:

நான் உங்களுக்கெல்லாம் மூத்தவன். பொப் பாடகர்களான பரமேஷ்–கோணேஷ் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்த காலத்தவன். பிறகு பொப் பாட்டில் ஏ. ஈ. மனோகரன் காலம் வந்தது. அவரைப் போலக் கால்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் பாட்டே பழகத் தொடங்கினோம். கால்சட்டை தயார், பாட்டு வரவேயில்லை.

பேரன் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான், தூஷணம் வருகிற இடங்களில் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து. மியூசியத்தில் களவெடுக்கப் போகிற இடம் நல்லாயிருந்தது. இருவரும் பிக்குக்கு இழுபறிப்பட்டு அதை முறிக்கிற இடம் அதைவிட நல்லம். எங்களுக்குள் சண்டை வந்தது ஒரேயொரு நல்ல மைக்குக்கு. முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மூன்று பேர் என்னோடு கதைப்பதில்லை. அதில் ஒருத்தர் இப்போது சம்பந்தி. கல்யாண வீட்டிலும் அவர்தான் மைக்கைப் பிடித்தார்.