கடவுள் துன்பப்படுவாரா? திருச்சபைத் தந்தையரைப் படித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் கிரேக்கத் தத்துவத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று படித்து வருகிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

அவர்களில் ஒருவரான ஜஸ்டின் கிறிஸ்தவரான பிறகும் தத்துவ ஆசிரியர்களின் மேலங்கியைக் கழற்றவில்லை. இன்னொருவரான தெர்த்துல்லியனோ, ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும், அதாவது தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும், என்ன சம்பந்தம் என்று கேட்டார். சரி, இதுவரை புரிகிறது.

அப்புறம் யாத்திராகமம் 3:14, கடவுள் மோசேயிடம் தம் பெயரைச் சொல்லும் இடம். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'இருக்கிறவராக இருக்கிறேன்'. எபிரேயத்தை 'இருப்பேன்' என்றும் வாசிக்கலாம், கூடவே வருவேன் என்று வாக்குக் கொடுப்பது போல. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலோ 'ஹோ ஓன்', அதாவது இருப்பவர். பிளேட்டோவைப் படித்தவர் காதில் அது மாறாத மெய்ப்பொருளாகவே விழுந்திருக்கும். மாறாதவர், எதனாலும் அசைக்க முடியாதவர் என்றால் சிலுவையில் துன்பப்பட்டது யார்? துன்பப்பட முடியாதவர் நமக்காகத் துன்பப்படுபவர் ஆனார் என்று 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியா ஆயர் இக்னேஷியஸ் எழுதியிருக்கிறார். அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

'துன்பப்பட முடியாதவர்' என்ற இடத்தில் அவர் எழுதிய 'அபாதேஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும்? 'உணர்ச்சியற்றவர்' என்றால் கடவுள் கல்லாகிவிடுகிறார். கிரேக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜஸ்டினின் எழுத்து தமிழில் வந்திருந்தால், எங்கே கிடைக்கும் என்றும் தெரிவியுங்கள். ஞாயிறு மாலை எங்கள் வேதபாடக் குழுவில் இதைத்தான் பேச வேண்டும்.